மூன்றாம் கை

காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடி மொத்தமும் மூக்கை உறிஞ்சும். வெளியிலிருந்து எவராவது வந்து பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து ஆள் வந்தே ஒன்பது வருடமாகிறது, சிரிக்க யாருமில்லை. வீட்டுக்கு வீடு அடுப்படிச் சுவரில் பதித்திருக்கும் முகர்மானி 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். வீட்டிலிருப்பவர்கள் பல்கூடத் தேய்க்காமல் வரிசையாக வந்து அதன் துளையில் மூக்கை வைப்பார்கள். மூன்று மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெருங்காயமா, கற்பூரமா, மண்ணெண்ணெயா, எது வந்ததென்று திரையில் தொட்டுக் காட்ட வேண்டும். சரியென்றால் பச்சை விளக்கு. தப்பென்றால் மஞ்சள். மறுபடியும் தப்பென்றால் சிவப்பு, அப்புறம் வாசலில் வண்டி வந்து நிற்கும்.

அமலோற்பவத்துக்கு அன்றைக்குச் சுக்கு, மல்லிகை, நல்லெண்ணெய். மூன்றையும் தொட்டாள், பச்சை எரிந்தது. கதவைத் தாழ் போட்டாள், சன்னலையும் சாத்தினாள். பிறகு அரிசி டின்னைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு சட்டையை வெளியே எடுத்தாள். நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை. காலர் ஓரம் அழுக்கேறி, அக்குள் பக்கம் உப்புப் பூத்திருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கிரீஸ், வியர்வை, அந்த மனுசன் தலையில் தேய்க்கிற எண்ணெய். காலையில் அவள் உள்ளபடியே முகர விரும்பியது இது ஒன்றைத்தான், அதை எந்த எந்திரமும் கேட்பதில்லை.

சட்டைக்காரன் பெயர் கஸ்பார். அவள் புருசன். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கிற பிட்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், "மூணே வாரம் அமலி, போயிட்டு வந்துருதேன்" என்று பினாங்குக்குக் கப்பலேறினான். பதினேழாம் நாள் ஒரு நோயைச் சொல்லி எல்லைக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டார்கள். தினமும் பேசிக்கொள்கிறார்கள், அதற்கொன்றும் குறைவில்லை. படம் வருகிறது, குரல் வருகிறது, அவன் தொண்டையைச் செருமினால்கூட இங்கே துல்லியமாகக் கேட்கிறது. மனிதன் மட்டும் வருவதில்லை. கல்யாணமாகி இரண்டே வருடம்தான் சேர்ந்திருந்தார்கள்.

அவள் வேலை பார்க்கும் மண்டல நோய்க்கணக்கு நிலையத்தின் வாசலில், நோயில்லாத நாள்களை எண்ணிக் காட்டும் ஒரு பெரிய பலகை உண்டு. அன்றைக்கு அதில் முப்பத்தெட்டு என்று எரிய வேண்டும். நாற்பது வந்தால் கதவு திறக்கும். ஊரே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். ஒன்பது வருடம் பார்க்காத மருமகனுக்குப் பேண்ட் எடுக்கப் போய், இடுப்பளவு தெரியாமல் கடையில் நின்று சண்டை போட்டார்கள். அமலியும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தாள். இத்தனை வருடமும் கட்டிலின் நடுவில் படுத்துப் பழகினவள், ஒரு வாரமாகச் சுவரோரம் ஒதுங்கிப் படுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பலகை இருட்டாகக் கிடந்தது. எண்ணே இல்லை. நிலைய அதிகாரி முகைதீன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். அன்றைக்கு அவர் குரல் இன்னும் கீழே போயிருந்தது.

"சிவப்பு விழுந்திருக்கும்மா."

"எங்க சார்?"

"நம்ம கேண்டீன்லயே. தங்கக்கனி."

அமலி நிமிர்ந்து இருண்ட பலகையைப் பார்த்தாள். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சமையல்காரம்மாவுக்குப் பெருங்காய வாசம் தெரியாமல் போனதற்கு ஒரு மண்டலமே ஏன் இடிந்து உட்கார்ந்தது என்று விளங்காது. நோய்க்கு ஏடுகளில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ பெயர். ஊர் வைத்த பெயர் மணந்தின்னி. பத்து நாள் மணம் தெரியாது, அவ்வளவுதான் அதன் சேட்டை. காய்ச்சல் கிடையாது. இதுவரை ஒரு உயிரைக்கூட எடுத்தது கிடையாது. மூன்றில் ஒருவருக்கு அதுகூட இல்லை, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் திரிவார்கள். ஆனாலும் அது உலகநோய். பழைய ஆட்கள் பேண்டமிக் என்பார்கள்.

ஒரு நோய் எத்தனை பேரைக் கொல்கிறது என்பது இந்தப் பெயருக்குத் தேவையே இல்லை. முன்னொரு காலத்தில் கோடிக்கணக்கில் ஆட்களைத் தின்ற ஒரு நோய் வந்தபோது, 'எவ்வளவு கொடியதென்று தெரியட்டும், பிறகு பெயர் வைப்போம்' என்று பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்களாம். தெரிந்தபோது பேசினவர்களில் பாதிப் பேர் இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதின சட்டம் இது. சாவை எண்ணாதே, பரவலை எண்ணு. உலகம் பதினாறு மண்டலம். ஒரு நோய் மூன்று மண்டலத்தில் குடியேறிவிட்டால் அது உலகநோய், எல்லாக் கதவையும் சாத்து. இரண்டுக்கு இறங்கினால் அது அந்தந்த ஊர்க்காரன் பாடு, எல்லாக் கதவையும் திற. மணந்தின்னி ஒரு காலத்தில் பதினொரு மண்டலத்தில் இருந்தது. இப்போது மூன்று. பினாங்கு இருக்கிற தீவு மண்டலம் ஒன்று, வடக்கே பனி கொட்டுகிற மண்டலம் ஒன்று, மூன்றாவது நம்முடைய தென்கரை. நாம் நாற்பது நாள் சுத்தமாக இருந்து காட்டினால் போதும். போன தடவை முப்பத்தாறாம் நாள் கெட்டது. மறுபடி இவ்வளவு தூரம் வர மூன்று வருடம் ஆகியிருந்தது.

குடியேறுவது என்றால் என்னவென்று கேட்டால், அங்கேதான் அமலியின் உத்தியோகம் இருக்கிறது. அவள் கைக்கணக்கர். வெளிமண்டலத்திலிருந்து நோயை வாங்கினவர் முதல் கை. அவரிடமிருந்து இங்கே தொற்றினவர் இரண்டாம் கை. அதுவரை நோய் விருந்தாளி. இரண்டாம் கையிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் மூன்றாம் கை. அப்போதுதான் அது பாயைப் போட்டுப் படுத்துவிட்டதென்று அர்த்தம். யாரிடமிருந்து யாருக்குப் போனதென்று தோண்டித் துருவி எழுதுவது அவள் வேலை. அதில் ஒரு விதி உண்டு. யாரிடமிருந்து வந்ததென்று சொல்ல முடியாத நோயாளியை மூன்றாம் கையாகவே கொள்க.

"நாளைக்கு மதியம் பன்னெண்டு மணி வரை நேரம் இருக்கு" என்றார் முகைதீன். "அதுக்குள்ள கனிக்கு முந்தின கை யாருன்னு நாம சொல்லணும். சொல்லலேன்னா பலகையில சைபர்."

அமலி கிளம்பிவிட்டாள். நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் கனியை விட்டு நாற்பத்திரண்டு பேர். தன்னைத் தவிர ஒவ்வொருவர் விரலிலும் குத்தி ரத்தப் பட்டியில் ஒரு சொட்டு வைத்தாள். தங்கக்கனியின் தெருவுக்குப் போய், அக்கம்பக்கம், மீன் விற்கிறவள், பால்காரர் என்று ஒருவர் விடாமல் எடுத்தாள். எல்லாம் வெள்ளை. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. கனியிடமிருந்து யாருக்கும் போகவில்லை என்று ஒரு பக்கம் நிம்மதி. கனிக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு இழைப்பகுப்பு வந்தது. கனியின் உடம்பிலிருக்கும் கிருமி எந்த மண்டலத்துக் கிருமி என்று அது காட்டிக் கொடுத்துவிடும். எத்தனை கை மாறி வந்ததென்று மட்டும் சொல்லாது.

முகைதீன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பினாங்குச் சரக்கும்மா இது. ஆனா அங்கேர்ந்து வர்றதெல்லாம் ஆளில்லாக் கப்பல். ஒரு ஈ காக்கா இறங்கல."

"உதிரிப் பெட்டி இறங்குதுல்லா சார்."

"பெட்டியெல்லாம் ஊதாக்கதிர்ல குளிச்சுட்டுத்தானே வருது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை. "உப்புப் பொதிம்மா. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்."

தெரியத்தான் செய்யும். இந்தத் துறைமுகத்து ஊரில் மட்டும் முளைத்த பழக்கம் அது. முறைப்படி அனுப்பினால் துணிமணியெல்லாம் கதிரிலும் ஆவியிலும் வெந்து, ஆசுபத்திரிப் போர்வை மாதிரி ஒரு மணமும் இல்லாமல் வந்து சேரும். அதனால் அக்கரையில் இருக்கிறவர்கள் நாலு நாள் போட்டுக் கழற்றின சட்டையை, தாவணியை, தலையணை உறையை, துவைக்காமல் அப்படியே கிரீஸ் தாளில் சுற்றி எந்திர உதிரிப் பெட்டிக்குள் சொருகிவிடுவார்கள். கிரீஸ் தாளுக்குள் கதிர் நுழையாது. இங்கே பெட்டி பிரிக்கிறவன் எடுத்து உரியவரிடம் சேர்த்துவிடுவான். வியர்வை காய்ந்து உப்பாக இருக்கும் என்பதால் உப்புப் பொதி. அதே வியர்வையில் மணந்தின்னி பன்னிரண்டு நாள் உயிரோடு இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டு ஆளுக்கு எங்கே நோய் வரப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

"எவன் வந்து சொல்லுவான்?" என்றார் முகைதீன். "அனுப்பின கை, வாங்கின கை, ரெண்டும் பேரோட வரணும். வந்தா ரெண்டு பேருக்கும் அஞ்சு வருசம் தடை. கதவு திறந்தாலும் அவங்க மட்டும் தாண்ட முடியாது. ஊர் மொத்தமும் ஒண்ணு சேரும்போது நான் மட்டும் தனியா நிக்கிறேன்னு எவன் வருவான், நீயே சொல்லு."

அமலி எழுந்து வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் விரலில் தானே ஊசியைக் குத்தினாள். நாற்பத்திரண்டாவது பட்டி அவளுடையது. ஒரு நிமிடம் வெள்ளையாக இருந்தது. பிறகு மெதுவாக ஒரு கோடு தெளிந்து வந்தது. சிவப்பு.

மணம் போகாத அந்த மூன்றில் ஒருத்தி அவள்தான். எப்படி என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கஸ்பாரின் சட்டை பொதியில் வந்தது பலகையில் இருபத்தொன்பது எரிந்த அன்று. கேண்டீனில் எல்லோரும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு எல்லோரும் போன பிறகு, தங்கக்கனியும் அவளும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டித் தின்பார்கள். மிச்ச மீன்குழம்பை அதிலேயே ஊற்றிப் பிசைந்து, கனி உருண்டை உருண்டையாகப் பிடித்து அமலி கையில் போடுவாள். கூண்டுக்குள் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு மரத்துப்போன இரண்டு பெண்களுக்கு நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் சாப்பாடு. போன வாரம் கனியின் விரலில் மீன்முள் ஏறிக் கட்டுப் போட்டிருந்தாள். அதனால் அன்றைக்குப் பிசைந்து உருட்டிக் கொடுத்தது அமலி.

ஆக, அமலி முதல் கை. கனி இரண்டாம் கை. மூன்றாம் கை இல்லவே இல்லை. அவள் வாயைத் திறந்தால் பலகையில் முப்பத்தெட்டு எரியும். பட்டியைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

பிற்பகல் நிலையத்தின் பின்கட்டுக்குப் போனாள். கண்ணாடி அறைக்குள் கட்டிலில் தங்கக்கனி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது, எப்போதும் வாய் ஓயாத பெண்பிள்ளை. இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"என்னத்தச் சாப்பிட. மண்ணு மாரி இருக்கு." ஒலிபெருக்கியில் அவள் குரல் தகரத்தில் தட்டியதுபோல் வந்தது. "ரசத்துல பெருங்காயம் போட்டேனா போடலியான்னு நேத்து மத்தியானமே கொழம்பிக்கிட்டுதாம்மா கெடந்தேன். இதுன்னு தோணலியே."

"விடுங்கக்கா."

"எப்படி விட? எம்மவ வார வாசல நானே சாத்திட்டேனே, பாவி. பத்தொம்பது வயசுல போன புள்ள. ஆசுபத்திரித் துணி வெளுக்குத வேல, மூணு மாசம்னு போச்சு. இப்ப அதுக்கு இருபத்தெட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லுதேன், நம்புதியா? நான் எவ பொதியவும் தொடல. பொன்ராணி ரெண்டு மட்டம் கேட்டா, எம்மா என் தாவணி ஒண்ணு அனுப்பட்டான்னு. வேண்டவே வேண்டாம்ட்டின்னுட்டேன். கணக்கு கெட்டுரக் கூடாதுல்லா. இருந்தது இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேம்மா."

அமலியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இடுப்பிலிருந்த பட்டி நெருப்பாகச் சுட்டது. ஊரிலேயே ஆசையை அடக்கி வைத்திருந்தவள் இந்தச் சமையல்காரி. அடக்க முடியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தவள் கணக்கெழுதுகிற அம்மா. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் கனியின் வீட்டைப் பார்த்தாள். வெள்ளையடித்து ஒரு வாரம்கூட ஆகாத சுவரில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். எதிர்வீட்டு மனிதர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கென்ன, பத்து நாள்ல மணம் வந்துரும். எங்க புள்ள வருமா?" என்றார், அமலி கேட்காமலேயே.

மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் கஸ்பார் திரையில் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. கண் மட்டும் பழைய கண். இங்கே நடந்ததெல்லாம் அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"உங்களுக்கு மணம் போச்சா?" என்று கேட்டாள்.

"போன மாசக் கடைசியில பத்து நாள் போச்சு. சட்டைய அதுக்கு முந்தியே போட்டு விட்டுட்டேன் அமலி. பொறவு உன்கிட்டச் சொன்னா பயந்துருவியேன்னு... உன் முகர்மானி பச்சைன்னு தினம் சொன்னியா, சரி, ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்."

"எனக்குக் கோடு வந்துருக்கு."

"யார்ட்டயும் சொல்லாத." அவன் குரல் அவசரமாக வந்தது. "நீ சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் அஞ்சு வருசம். சொல்லலேன்னா ஊரோட சேந்து இன்னொரு நாப்பது நாள். ஒம்பது வருசம் இருந்தாச்சு, நாப்பது நாள் இருக்க மாட்டாங்களா?"

"போன மட்டமும் நாப்பதுன்னுதான் சொன்னோம். மூணு வருசம் ஆச்சு."

"அதுக்கு நாம என்ன செய்ய? எனக்கு அம்பது வயசு ஆகப் போகுது. ஒன்ன ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுச் செத்தாப் போதும்னு இருக்கு எனக்கு. ஊர் எக்கேடு கெட்டா என்ன!"

"எனக்கு மட்டும் இல்லையா?" அவளுக்கும் குரல் உடைந்துவிட்டது. "சுவரோரம் தள்ளிப் படுத்துக் கெடக்கேன் மனுசா, உங்களுக்கு இடம் விட்டு." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "கனியக்கா வீட்டுச் சுவர்ல சாணி ஊத்திருக்காங்க. நான் உருட்டிக் கொடுத்த சோறு அது."

அவன் மூக்கை உறிஞ்சுவது இத்தனை கடலைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"பொன்ராணி எங்க குடியிருப்புலதான் இருக்கு" என்றான் கடைசியில். "முந்தாநேத்து வந்து, அண்ணே பெட்டிக்கு ஒரு பூட்டு இருக்கான்னு வாங்கிட்டுப் போச்சு. இன்னைக்குக் காலையில அந்தப் பூட்டத் திருப்பிக் குடுக்க வந்துச்சு. மூஞ்சியப் பாக்க முடியல." நெற்றியைத் தேய்த்தான். "சொல்லிரு அமலி. என் பேரையும் சேத்து எழுது. எழுத்துப் பிழை இல்லாம எழுது."

மறுநாள் காலை அவள் முகைதீன் மேசைமேல் ரத்தப் பட்டியையும், கிரீஸ் தாளில் சுற்றின சட்டையையும் வைத்தாள். கைக்கணக்குப் படிவத்தை முன்பே நிரப்பியிருந்தாள். அனுப்பின கை, வாங்கின கை, பானை, மீன்முள், தேதி. அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா? இது திறந்து எத்தன மாசம் இருக்கும்னு சொல்ல முடியாது. இன்னொரு மண்டலத்துல குடியேறிட்டா மறுபடி சாத்திருவாங்க. அஞ்சு வருசம் கழிச்சு உனக்குக் கதவு இருக்குமோ இல்லையோ."

"யோசிச்சாச்சு சார். கையெழுத்துப் போடுங்க."

அவர் போடவில்லை. மேசையின் இழுப்பறையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். உள்ளே ரோஸ் நிறத் துப்பட்டா ஒன்று மடித்திருந்தது. "என் மூத்த மகளோடது. ஆறு மாசம் ஆச்சு வந்து. உன் பொதியில நோய் இருந்துச்சு, என் பொதியில இல்ல. வேற ஒரு வித்தியாசமும் இல்லம்மா." இழுப்பறையை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்தரை மணிக்குப் பலகையில் முப்பத்தொன்பது எரிந்தது. தெருவில் போட்ட கூச்சல் பின்கட்டு வரை கேட்டது. அமலி அதைக் கனிக்கு அடுத்த கண்ணாடி அறைக்குள் இருந்து கேட்டாள். சட்டையை எரிக்கக் கொண்டுபோன பையன்கள் அவளை ஒரு தடவை முகர்ந்துகொள்ளக்கூட விடவில்லை. வேலை போனதற்கான தாள் மதியம் வந்தது. எல்லா விவரமும் தெரிந்த பிறகு கனி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரைமணி நேரம் அவளைத் திட்டினாள். "கணக்குப்புள்ளைக்குப் புத்தி எங்க போச்சு? கிறுக்கி! புருசன் சட்டைய மோந்து பாத்துட்டு அதே கையோட எனக்குச் சோறு உருட்டிருக்கா பாரு!" என்று திட்டிக்கொண்டே இருந்தவள், நடுவில் நிறுத்தி, ஓவென்று அழுதாள். "அஞ்சு வருசம் எப்படிட்டி இருப்ப?" என்றாள்.

நாற்பதாம் நாள் உலகக் கணக்கு அவை ஒரு வரி அறிவிப்புக் கொடுத்தது. மணந்தின்னி இனி உலகநோய் அல்ல, வட்டார நோய். பினாங்கில் அன்றைக்கும் நானூறு பேருக்கு மணம் தெரியாமல்தான் இருந்தது. நோய் அதே நோய், மூக்கு அதே மூக்கு, எண் மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகியிருந்தது. அன்று மாலையே ஊதாக்கதிர் விளக்குகளைக் கழற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து முதல் ஆள் கப்பல் வந்தது. அதற்குள் அமலியும் கனியும் வெளியே வந்துவிட்டார்கள். துறைமுக வாசலில் நாலு தகரத்தை நட்டு, கனி ஒரு இட்லிக் கடை போட்டுவிட்டாள். மாவாட்டுவதும் தட்டு கழுவுவதும் அமலி. "இனி என் சோத்துல நீ கை வைக்கப் பிடாது, பாத்திரத்துல மட்டும் வையி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள் கனி. சுவரில் சாணி ஊற்றின எதிர்வீட்டுக்காரர் முதல் நாளே வந்து நாலு இட்லி தின்றுவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார்.

கப்பலிலிருந்து இறங்கினவர்களைப் பார்க்க அமலி முன்னால் போகவில்லை. கடை வாசலிலேயே நின்றாள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தாண்டிப்போய், திரும்பி ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். நரைத்த தலைகளையும் வளர்ந்த பிள்ளைகளையும் தடவித் தடவிப் பார்த்தார்கள். எல்லோரும் முதலில் செய்தது ஒன்றேதான். கழுத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்கள். பொன்ராணியைக் கட்டிப் பிடித்த கனி விடவே இல்லை. "எம்மா, மூச்சு முட்டுது விடு" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள். அமலி அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே திரும்பிக்கொண்டாள். இவ்வளவு பேரில் ஒரே ஒருவன் இறங்கவில்லை, அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா." பொன்ராணி பின்னால் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "கஸ்பார் அண்ணன் கொடுத்து விட்டாவ. இப்ப இதெல்லாம் கொண்டு வரலாமாம், யாரும் ஒண்ணும் கேக்கல."

போன மாதம் ஐந்து வருடத் தண்டனைக்குரிய குற்றம். இன்றைக்கு வெறும் சட்டை. அமலி கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைச் சட்டை, பச்சைக் கோடு போட்டது. பொன்ராணி இருக்கிறாளே, கனியக்கா பார்க்கிறாளே என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. முகத்தைப் புதைத்து ஆழமாக இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

ஐயோ, இப்போதுதான் என் மூக்கு போய்விட்டதா என்று பதறிப்போனாள். மறுபடி இழுத்தாள். அடுப்பில் இட்லி வேகும் மணம் வந்தது. கனி தலையிலிருந்த பிச்சிப்பூ வந்தது. சட்டையிலிருந்து சோப்பு வாசம் வந்தது, கஞ்சி வாசம் வந்தது. மூக்கில் ஒரு குறையும் இல்லை.

"நல்லாத் துவச்சிருக்காவ அக்கா" என்றாள் பொன்ராணி, அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து. "மூணு தடவ வெந்நீர்ல போட்டு, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சாவ. நான் எங்க ஆசுபத்திரியில போட்டுத் தாரேன்னு சொன்னேன், கேக்கல. என்னாலதான அவளுக்கு நோய் வந்துச்சு, இன்னொரு மட்டம் ஒரு பொட்டுக் கிருமி போகக் கூடாதுன்னு, நின்னு தேச்சுத் தேச்சு..."

அமலிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மடையன். நல்ல மனுசன், ஆனால் மடையன். இந்த ஒன்றுக்காகத்தானே இவ்வளவும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கனி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் எழுந்தாள். புடவைக்கு மேலே அந்தச் சட்டையைப் போட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவாட்டப் போனாள். மறுநாளும் அதே சட்டை. அதற்கு மறுநாளும். துறைமுக வெயிலில், இட்லிக் கொப்பரை ஆவியில், மீன்குழம்புத் தெறிப்பில் எட்டு நாள் அதைக் கழற்றவில்லை. இரவிலும் அதோடுதான் சுவரோரம் படுத்தாள். "நாறுது, கழத்திப் போடுட்டி" என்று கனி மூக்கைப் பிடித்தாள். அமலி காதில் வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் கப்பல் பினாங்குக்குத் திரும்ப இருந்தது. அமலி சட்டையைக் கழற்றி, நன்றாக மடித்து, தாளில் சுற்றினாள். மேலே அவன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள்.

'இத வெந்நீர்ல போட்டீங்கன்னா அஞ்சு வருசம் கழிச்சும் உங்ககூடப் பேச மாட்டேன். எட்டு நாள் போட்டுட்டு அப்படியே திருப்பி அனுப்புங்க.'